சிசேரியன் தழும்பில் மாதாமாதம் நோகும் கட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் பெண்நோயியல் விடுதியிலும் கிளினிக்கிலும் தாதியாகப் பல வருடங்கள் வேலை செய்திருக்கிறேன். டொக்டருக்கு முன்னால் இருக்கும்போது பலருக்கு வாய் வராது. வெளியே வந்து கொப்பியை நீட்டும்போதுதான் "மிஸி, ஒரு விசயம் கேக்கவேணும்" என்று மெதுவாகத் தொடங்குவார்கள். தழும்பில் வரும் எண்டோமெற்றியோசிஸ் பற்றி அப்படிக் கேட்கப்பட்டவைதான் இங்கே இருப்பவை. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது அரிதான நோய். அதனாலேயே இதைப் பற்றிப் பேச்சில்லை. பேச்சில்லாததால் வருடக்கணக்காக நோவைச் சுமந்துகொண்டு திரிந்த தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கவலையில் எழுதுகிறேன்.

சிசேரியன் தழும்புக்குப் பக்கத்திலை ஒரு கட்டி இருக்கு. மாதவிடாய் வந்தா வீங்கி நோகுது, முடிஞ்சா அடங்குது. இது என்ன?

நீங்கள் சொன்னதிலேயே பாதி விடை இருக்கிறது. தழும்பில் ஒரு கட்டி, மாதவிடாயோடு வந்து போகும் நோவு, முன்னர் செய்த சிசேரியன்: இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் டொக்டர்மார் முதலில் நினைக்கவேண்டியது தழும்பு எண்டோமெற்றியோசிஸ்.

கருப்பையின் உட்புறத்தை ஒரு படலம் மூடியிருக்கிறது. மாதாமாதம் தடித்து, கரைந்து, இரத்தமாக வெளியே போவது அதுதான். அதைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே எங்காவது வளர்ந்தால் அதற்குப் பெயர் எண்டோமெற்றியோசிஸ். பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறக்குறைய 10 சதவீதமானவர்களுக்கு ஏதோ ஒரு வடிவில் அது உண்டு. பெரும்பாலும் இடுப்புக்குள், சூலகத்திலும் கருப்பையைச் சுற்றியும்தான் வரும். வயிற்றுச் சுவரில், பழைய வெட்டுக்காயத்தில் வருவது மிகக் குறைவு. சிசேரியன் செய்த 10,000 பேரில் 3 முதல் 40 பேர் வரை என்று சொல்லப்படுகிறது.

தழும்பில் இருக்கும் அந்த இழையமும் ஓமோனுக்கு அடங்கியே நடக்கிறது. கருப்பைக்குள் இரத்தம் கசியும் நாட்களில் அங்கேயும் கசிகிறது. ஆனால் வெளியேற வழி இல்லை. உள்ளேயே தேங்கி, சுற்றியுள்ள சதையை உறுத்தி, இறுகிய கட்டியாகிறது. சிலருக்கு மேலே உள்ள தோல் கருநீலமாக மாறும். மிகச் சிலருக்குத் தோல் வழியாகவே கபில நிறத்தில் கசியும்.

கருப்பைக்குள்ள இருக்கவேண்டியது வயித்துத் தோலுக்கு எப்பிடி வந்தது?

சிசேரியனில் கருப்பையைத் திறந்து பிள்ளையை எடுக்கிறார்கள். அந்த வேளையில் உட்படலத்தின் கலங்கள் சில, இரத்தத்தோடும் பன்னீரோடும் சேர்ந்து வெட்டுவாயில் படலாம். அநேகமாக உடம்பு அவற்றை அழித்துவிடும். எங்கோ ஒருவருக்கு அவை ஒட்டிப் பிழைத்து வேர் விடுகின்றன. மிளகாய்க் கன்று தோட்டத்துக்குள்தான் நிற்கவேண்டும். ஆனால் வேலியோரம் விழுந்த விதையும் ஈரம் கிடைத்தால் முளைக்கிறதல்லவா, அப்படித்தான்.

இதுதான் பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். கட்டி அநேகமாக வெட்டின் ஏதோ ஒரு மூலையில் வருவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் வயிற்றில் கத்தியே படாதவர்களுக்கும் எண்டோமெற்றியோசிஸ் தொப்புளில் வருவது உண்டு. ஆகவே இந்த ஒரு விளக்கம் எல்லோருக்கும் போதாது. தொப்புள் பற்றிக் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

அப்ப ஒப்பரேசன் செய்த டொக்டர் பிழை விட்டிட்டாரோ?

இல்லை. இந்தக் கேள்வி கோபத்தோடும் வரும், அழுகையோடும் வரும். இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். கருப்பையைத் திறக்கும் எந்தச் சத்திரசிகிச்சையிலும் சில கலங்கள் வெளியே வரும். அதை முற்றாகத் தடுக்க ஒருவராலும் முடியாது. அப்படிச் செய்துகொண்ட ஆயிரக்கணக்கான தாய்மாரில் ஒரு சிலருக்கு மட்டும் அது ஏன் முளைக்கிறது என்பதில் உடம்பின் எதிர்ப்புச் சக்திக்கும் ஓமோனுக்கும் பங்கு உண்டு.

வயிற்றை மூடுமுன் வெட்டுவாயைச் சேலைனால் கழுவுவது, கருப்பையைத் தைத்த ஊசியால் வயிற்றுச் சுவரைத் தைக்காமல் விடுவது, கருப்பைக்குள் துடைத்த துணியைக் காயத்தில் படவிடாமல் எடுப்பது என்று சில முறைகள் பரிந்துரைக்கப்படுகின்றன. செய்வதற்கு இலகுவானவை, தீங்கில்லாதவை. இவை நிச்சயமாகத் தடுக்கும் என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை.

பச்சை உடம்பிலை பத்தியம் ஒழுங்காக் காக்கேல்லை, அதாலைதான் தழும்பு பழுதாப் போச்சு எண்டு மாமி சொல்லுறா. உண்மையோ?

உண்மை இல்லை. சரக்குக்கறி குறைந்ததாலோ, குளிர்ந்த தண்ணீரில் முழுகியதாலோ, மாங்காய் தின்றதாலோ இது வராது. பாரம் தூக்கினால் தழும்புக்குள் ஹேர்னியா (குடலிறக்கம்) வரலாம், எண்டோமெற்றியோசிஸ் வராது.

மாமியின் மேல் கோபப்படவும் வேண்டாம். பிள்ளை பெற்ற உடம்பைப் பார்த்துப் பார்த்துப் பராமரித்த தலைமுறை அது. அடுத்த முறை கிளினிக்குக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். டொக்டர் சொல்வதை நேரே கேட்ட மாமிமார் பிறகு மருமகளுக்குத் துணையாக நின்றதை நான் கண்டிருக்கிறேன்.

என்ர மகனுக்கு ஆறு வயசு. இவ்வளவு காலம் ஒண்டும் இல்லாமல் இப்ப எப்பிடி வரும்?

அதுதான் இதன் குணம். சில மாதங்களிலேயே தெரிந்தவர்கள் உண்டு, பத்து வருடத்துக்குப் பிறகு வந்தவர்களும் உண்டு. சராசரியாக மூன்று, நான்கு வருடங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். முளைத்தது மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வளர அவ்வளவு காலம் எடுக்கிறது.

தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் காலத்தில் பலருக்கு மாதவிடாய் வராது. அந்த நாட்களில் இதுவும் அடங்கிக் கிடக்கும். பால் குறைந்து மாதவிடாய் திரும்பிய பிறகுதான் "தையல் குத்துது" என்ற முறைப்பாடு தொடங்கும். பிள்ளை பிறந்ததை மறந்தே போயிருப்போம், இதையும் அதையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது.

எனக்கு எப்பவும் நோகுது, மாதவிடாய் நேரம் மட்டும் இல்லை. அப்ப இது அது இல்லைத்தானே?

அப்படி முடிவு கட்டவேண்டாம். முதல் கேள்வியில் சொன்ன மூன்று அடையாளமும் எல்லோருக்கும் ஒன்றாக அமைவதில்லை. மருத்துவ இதழ்களில் வந்த நோயாளர் விபரங்களைச் சேர்த்துப் பார்த்தால், மாதவிடாயோடு சேர்ந்து வரும் நோவு பாதிக்குச் சற்றுக் கூடியவர்களுக்கே இருக்கிறது. மற்றவர்களுக்கு எந்நேரமும் நோகும், அல்லது கட்டி மட்டும் இருக்கும்.

தொடக்கத்தில் மாதவிடாயோடு மட்டும் வந்த நோவு, கட்டி பெரிதாக ஆக எந்நேரமும் இருப்பதாக மாறுவதும் உண்டு. ஆகவே இப்போது எப்படி இருக்கிறது என்பதோடு, தொடங்கியபோது எப்படி இருந்தது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

இங்கேதான் கலண்டர் உதவும். ஒரு தாய் வீட்டுச் சுவரில் கொழுவியிருந்த கலண்டரையே கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்தார். விரத நாட்களும் பூரணையும் அச்சில் இருந்தன. தனக்கு நொந்த நாட்களைப் பச்சைப் பேனையால் வட்டமிட்டிருந்தார், மாதவிடாய் நாட்களுக்குக் கீழே ஒரு கோடு. ஐந்து மாதத் தாள்களை மேசையில் விரித்தபோது வட்டங்கள் எல்லாம் கோடுகளின் மேலேயே விழுந்திருந்தன. ஒவ்வொரு மாதமும் முதல் நாள் தொடங்கி நாலாம் நாள் முடிந்திருந்தது. அதற்கு முன் அவர் போன இடங்களில் "தையல் பழுத்திருக்கு" என்று மூன்று தரம் அன்ரிபயோட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கலண்டரைப் பார்த்த டொக்டர் கட்டியைத் தொடுவதற்கு முன்னரே நோயின் பெயரைச் சொன்னார். இரண்டு மூன்று மாதம் குறித்தால் உங்களுக்கும் தெரிந்துவிடும். ஒரு சதமும் செலவில்லை.

எந்த டொக்டரிட்டைப் போறது? பெண்நோய் டொக்டரோ, சேர்ஜனோ?

இரண்டு பேரும் பார்ப்பார்கள். பலருடைய முதல் நினைப்பு ஹேர்னியா என்பதால் சேர்ஜனிடம்தான் போய்ச் சேருகிறார்கள், அதில் பிழையில்லை. ஆனால் மாதவிடாயோடு நோவு சேருகிறது என்று தெரிந்தால் பெண்நோயியல் கிளினிக்கில் தொடங்குவது நல்லது. இடுப்புக்குள்ளும் எண்டோமெற்றியோசிஸ் இருக்கிறதா என்று அவர்கள் சேர்த்துக் கேட்பார்கள். கட்டி ஆழமாக இருந்தால் இருவரும் சேர்ந்தே சத்திரசிகிச்சை செய்வார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலோ உங்களுக்குக் கிட்டிய ஆதார வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் உரிய கிளினிக்குக்கு எழுதித் தருவார்கள். அரச வைத்தியசாலையில் பார்ப்பதற்கும் சத்திரசிகிச்சைக்கும் காசு இல்லை.

போகும்போது சிசேரியன் செய்த டயக்னோசிஸ் கார்ட், பழைய ஸ்கான் ரிப்போட்டுகள், குடிக்கும் மருந்துகள், அந்தக் கலண்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். நெடுந்தீவில் இருந்து குறிகட்டுவானுக்குப் படகெடுத்து வரும் ஒருவருக்கு ஒரு கிளினிக் என்பது முழு நாள். ஒரு கார்டை விட்டுவிட்டு வந்ததற்காக இன்னொரு நாள் அலையக் கூடாது.

ஆண் டொக்டர் என்றால் வெட்கம் என்று சிலர் காட்டாமலே திரும்பிவிடுகிறார்கள். பரிசோதிக்கும்போது ஒரு தாதி பக்கத்தில் நிற்பார். "மாதவிடாய் நேரம் நோகுது" என்பதைச் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டில் எழுதி அந்தத் தாதியிடம் கொடுங்கள். நாங்கள் சொல்லுகிறோம்.

ஸ்கான் ரிப்போட்டில 'ஹேர்னியா அல்லது தையல் கட்டி' எண்டு போட்டிருக்கு. எதை நம்பிறது?

தழும்பில் வரும் கட்டிக்குப் பல காரணங்கள் உண்டு. ஹேர்னியா, தையல் நூலைச் சுற்றி வரும் கட்டி, சீழ், கொழுப்புக் கட்டி, தடித்து வளரும் கெலோயிட் தழும்பு, அரிதாக டெஸ்மொயிட் என்ற நார்க் கட்டி போன்றவை. ஸ்கான் செய்பவருக்கு உங்கள் மாதவிடாய்க் கதை தெரியாவிட்டால் அவர் படத்தை மட்டும் வைத்து எழுதுகிறார். ஆகவே ஸ்கான் கட்டிலில் படுக்கும்போதே "இது மாதவிடாயோடு நோகுது, எனக்குச் சிசேரியன் நடந்தது" என்று சொல்லிவிடுங்கள். கட்டி இருக்கும் இடத்தை விரலால் காட்டுங்கள்.

ஹேர்னியா இருமினால் தள்ளும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போகும். எண்டோமெற்றியோசிஸ் கட்டி இறுகலாக, அசையாமல், படுத்தாலும் அங்கேயே இருக்கும். ஸ்கானில் அது ஒழுங்கில்லாத ஓரமுள்ள திண்மமான கட்டியாக, பலருக்கு உள்ளே இரத்த ஓட்டத்தோடு தெரியும். தசை வரை போயிருக்கிறதா, ஒன்றா பலவா என்று அறிய எம்.ஆர்.ஐ உதவும், பழைய இரத்தத்தை அது நன்றாகக் காட்டும். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ தேவையில்லை. சிஏ-125 என்ற இரத்தப் பரிசோதனை இதில் பெரிய உதவி இல்லை, நோய் இருந்தும் சாதாரணமாக வரும்.

ஊசி குத்திப் பாக்கவேணும் எண்டினம். குத்தினா பரவுமோ?

மெல்லிய ஊசியால் சில கலங்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பது அது. வேறு வகைக் கட்டியாக இருக்கலாம் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், குறிப்பாகப் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த, அது பயன்படும். ஊசி போன வழியில் கலங்கள் விழுந்து முளைக்கலாம் என்ற பயமும் சில டொக்டர்மாருக்கு உண்டு. சத்திரசிகிச்சையில் அந்த வழியையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். குடல் உள்ளே வந்த ஹேர்னியாவாக இருக்கக்கூடுமென்றால் ஊசி குத்தக் கூடாது, முதலில் ஸ்கான். அடையாளங்கள் தெளிவாக இருந்தால் ஊசியைத் தவிர்த்து நேரே கட்டியை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவதும் முறைதான். கடைசி விடை அந்தப் பரிசோதனையில்தான் கிடைக்கும்.

ஒப்பரேசன் இல்லாமல் மருந்தாலை கரைக்க ஏலாதோ? நொச்சியிலை ஒத்தடம் குடுத்தா கொஞ்சம் சுகமா இருக்கு.

ஒத்தடம் கொடுங்கள், சூடு பொறுக்கும் அளவில் இருக்கட்டும். சதைப்பிடிப்பு இளகி நோவு தணியும். பெனடோலும் உதவும், வயிற்றுப்புண், ஆஸ்மா, சிறுநீரகப் பிரச்சினை இல்லாதவர்களுக்கு டொக்டர் இபுபுரோபன் போன்றவற்றையும் எழுதுவார். இவை நோவைத் தணிக்கும், கட்டியைக் கரைக்காது. கைதடிக்குப் போய்ச் சித்த மருத்துவம் பார்ப்பவர்களும் உண்டு. போவதானால் இரண்டு பக்கமும் சொல்லிவிட்டுப் போங்கள். என்ன சூரணம், என்ன குளிசை என்று இரு மருத்துவருக்கும் தெரியவேண்டும். கட்டியின் மேல் பற்றுப் போட்டுத் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைமட்டும் செய்யவேண்டாம். புண்ணான தோலில் சத்திரசிகிச்சை தள்ளிப் போகும்.

ஓமோன் மருந்துகள் வேறு. டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம் குளிசை, நொரெதிஸ்டெரோன், கருத்தடைக் குளிசை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் டெப்போ ஊசி, சூலகத்தைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் மாதாந்த ஊசி என்று பல உண்டு. இவை கட்டிக்குப் போகும் தூண்டலைக் குறைத்து நோவை அடக்கும். நிறுத்தினால் பெரும்பாலும் நோவு திரும்பும், கட்டியும் முழுதாக மறைவது அரிது. இடுப்புக்குள் இருக்கும் எண்டோமெற்றியோசிஸுக்கு இம்மருந்துகள் தரும் அளவு பலன் தழும்புக் கட்டிக்குக் கிடைப்பதில்லை. சுற்றிலும் இறுகிய நார்தானே, மருந்து கேட்டு நார் இளகாது.

ஆனாலும் அவற்றுக்கு இடம் உண்டு. சத்திரசிகிச்சைத் திகதி வரும்வரை நோவை அடக்க, இப்போதைக்குச் சத்திரசிகிச்சைக்கு உடம்பு இடங்கொடாதவர்களுக்கு, இடுப்புக்குள்ளும் நோய் இருப்பவர்களுக்கு அவை தேவைப்படும். டையனோஜெஸ்டில் முதல் சில மாதம் ஒழுங்கில்லாமல் இரத்தம் படும். பயந்து நீங்களாக நிறுத்தாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். சூலகத்தை உறங்கவைக்கும் ஊசியில் உடம்பு கொதிக்கும், வியர்க்கும். எலும்பின் பலம் குறையும் என்பதால் நீண்ட காலத்துக்குத் தனியாகக் கொடுக்கமாட்டார்கள்.

ஒப்பரேசன் எண்டா எவ்வளவு வெட்டுவினம்? திரும்பவும் சிசேரியன் மாதிரியோ?

பெரும்பாலும் அவ்வளவு இல்லை. பழைய தழும்பின் மேலேயே திறந்து, கட்டியையும் அதைச் சுற்றி ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் நல்ல சதையையும் சேர்த்து ஒரே துண்டாக எடுப்பார்கள். அந்த ஓரம் முக்கியம். கட்டியை மட்டும் தோண்டி எடுத்தால் கண்ணுக்குத் தெரியாத கலங்கள் மிஞ்சி, திரும்ப வளரும். கட்டி தசையின் மேலுள்ள உறையைப் பிடித்திருந்தால் அதிலும் ஒரு பகுதியை எடுக்கவேண்டிவரும். சிறிய இடைவெளி என்றால் தைத்துவிடலாம். பெரிதானால் ஹேர்னியாவுக்கு வைப்பதுபோல ஒரு வலை வைத்து மூடுவார்கள். அதற்கு உங்கள் சம்மதத்தை முன்கூட்டியே கேட்பார்கள்.

ஒரு சின்ன விசயம், ஆனால் பெறுமதியானது. மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு சிறிய கட்டி கைக்குத் தட்டுப்படாமல் போகும். நீங்கள் விழித்திருக்கும்போதே, நின்றபடி, நோகும் இடத்தைக் காட்டிப் பேனையால் அடையாளம் போடச் சொல்லுங்கள். சிலரைக் கட்டி நன்றாகத் தெரியும் மாதவிடாய் நாட்களை ஒட்டி வரச் சொல்வதும் இதற்காகத்தான்.

ஒருமுறை சேர்ஜன் எடுத்த கட்டியைப் பிளந்து எங்களுக்குக் காட்டினார். நெல்லிக்காய் அளவு. கத்தி போகும்போதே நறநறவென்று இறுகல் தெரிந்தது. உள்ளே வெள்ளை நார், அதற்கிடையில் எள்ளுத் தூவியதுபோல் கபில நிறப் புள்ளிகள், இரண்டு மூன்று இடத்தில் பழைய இரத்தம் பாணிபோலத் தடித்துக் கிடந்தது. ஒவ்வொரு மாதத்து நோவும் அங்கே இருந்தது. அதை ஃபோர்மலின் போத்தலில் இட்டுப் பெயரொட்டி அனுப்பினோம். உட்படலச் சுரப்பி, அதைச் சூழ்ந்த இழையம், பழைய இரத்தத்தை விழுங்கிய கலங்கள் என்ற மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் நோய் உறுதி. ரிப்போட் வரச் சில வாரங்கள் ஆகும். கிளினிக்குக்குத் திரும்பிப் போய் அதை வாங்காமல் விடாதீர்கள்.

வீட்டுக்கு வந்தபின் ஏறக்குறைய ஆறு வாரம் பாரம் தூக்கவேண்டாம். பாரம் என்றால் பலர் நெல்லு மூட்டையைத்தான் நினைக்கிறார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது, நிறைந்த வாளி, மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றுவது எல்லாம் பாரம்தான். வலை வைத்திருந்தால் இன்னும் எவ்வளவு காலம் என்று டொக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், காயத்தில் சீழ், கூடிக்கொண்டே போகும் சிவப்பு இருந்தால் கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டாம்.

எடுத்தபிறகு திரும்ப வருமோ?

முழுதாக, ஓரத்தோடு எடுத்தால் பெரும்பாலானோருக்கு வராது. திரும்ப வருவது நூற்றில் பத்துக்கும் குறைவு. பெரிய கட்டி, ஆழமாகத் தசைக்குள் போனது, ஓரம் போதாமல் எடுத்தது என்றால் வாய்ப்புக் கூடும். ரிப்போட்டில் ஓரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓமோன் மருந்து எல்லோருக்கும் தேவையில்லை; இடுப்புக்குள்ளும் நோய் இருந்தால் பேசுவார்கள்.

திரும்ப நோகத் தொடங்கினால் பழைய கலண்டர் வேலைதான். தையல் ஆறும்போது வரும் இழுவையும் குத்தலும் நாளுக்கு நாள் குறையும், மாதவிடாயைப் பார்த்து வராது.

இது கான்சரோ? கான்சரா மாறுமோ?

கான்சர் அல்ல. மாறுவது மிக மிக அரிது. உலகம் முழுவதும் எழுதப்பட்டவை கொஞ்சமே. நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்று கணிக்கிறார்கள். அப்படி மாறியவர்களில் பலர் நீண்ட காலம் கட்டியை வைத்திருந்தவர்கள். ஆகவே பயந்து நித்திரையைக் கெடுக்கவேண்டாம், "நோகாமல்தானே இருக்கு" என்று பத்துப் பதினைந்து வருடம் விட்டுவைக்கவும் வேண்டாம்.

கட்டி திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, மாதவிடாய் நின்ற வயதிலும் பெருத்தாலோ, மேலே உள்ள தோல் வெடித்துப் புண்ணாகி ஆறாமல் இருந்தாலோ உடனே காட்டுங்கள். எடுத்த கட்டியைக் கட்டாயம் பரிசோதனைக்கு அனுப்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு இன்னொரு பிள்ளை வேணும். முதல்ல கட்டியை எடுக்கிறதோ, பிள்ளையைப் பெறுறதோ?

தழும்புக் கட்டி கருத்தரிப்பதைத் தடுக்காது. ஆனால் அதோடு இடுப்புக்குள்ளும் எண்டோமெற்றியோசிஸ் இருந்தால் அது தடுக்கலாம். மாதவிடாயில் அடிவயிறு தாங்கமுடியாமல் நோகிறதா, கணவனோடு சேரும்போது உள்ளே நோகிறதா, ஒரு வருடமாக முயன்றும் தங்கவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் கேட்காமலே சொல்லுங்கள். முதல் கலந்துரையாடலே வேறு திசையில் போகும்.

மேலே சொன்ன ஓமோன் மருந்துகள் கருத்தரிப்பதைப் பிந்தவைக்கும். டெப்போவுக்குப் பிறகு மாதக்கணக்காகப் பிந்தலாம். ஆகவே பிள்ளைக்கு முயலும்போது அவை பொருந்தாது. நோவு கடுமை, கட்டி பெரிது என்றால் முதலில் எடுத்துவிட்டு, ஆறியபின் முயல்வது வழமை. சிறிய கட்டி, தாங்கக்கூடிய நோவு என்றால் சிலர் முதலில் பிள்ளையைப் பெறுகிறார்கள். கர்ப்பத்தில் மாதவிடாய் இல்லாததால் பலருக்கு நோவு அடங்கும், ஆனால் கர்ப்பகால ஓமோனுக்குச் சிலருடைய கட்டி பெருக்கவும் கூடும். திரும்பவும் சிசேரியன் என்றால் அதோடு சேர்த்து எடுக்கமுடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, குடும்பநல மாதுவிடமும் சொல்லிக் கர்ப்பகாலக் கார்டில் எழுதுவித்து வையுங்கள்.

எனக்குச் சுகப்பிரசவம். கீழை போட்ட தையலிலை கட்டி. அதிலையும் வருமோ?

வரும், இன்னும் அரிதாக. பிரசவத்தின்போது கீழே வெட்டித் தைத்த இடத்தில் அதே விதமாகக் கலங்கள் தங்கலாம். மாதவிடாய் நேரம் இருக்கமுடியாமல் நோகும், சிலருக்கு மலம் போகும்போதும் நோகும். எங்கே என்று சொல்லக் கூச்சப்பட்டு "மூலம்" என்று வைத்தியம் செய்துகொண்டிருந்தவர்கள் உண்டு. இங்கே சத்திரசிகிச்சைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். மலத்தை அடக்கும் தசை கிட்ட இருப்பதால் 1 சென்ரிமீற்றர் ஓரம் என்ற கணக்கை அப்படியே பின்பற்றமுடியாது. எம்.ஆர்.ஐ இங்கே நிச்சயம் பயன்.

என்ர தங்கச்சி கலியாணமே கட்டேல்லை, ஒரு ஒப்பரேசனும் இல்லை. தொப்புளுக்குள்ளாலை மாதாமாதம் ரத்தம் வருது. பயமாக் கிடக்கு.

பிள்ளையைத் திட்டவேண்டாம், ஒளிக்கவும் வேண்டாம். தொப்புளில் வரும் எண்டோமெற்றியோசிஸ் சத்திரசிகிச்சை இல்லாமலே வரலாம். 1886 இல் வில்லார் என்பவர் விவரித்ததால் வில்லார் முடிச்சு என்றும் சொல்வார்கள். கருநீலமாக ஒரு சிறு முடிச்சு, மாதவிடாய் நாட்களில் வீக்கமும் கசிவும். லப்பரஸ்கொபி (சிறு துளை வழியாகக் கமரா விட்டுச் செய்யும் சத்திரசிகிச்சை) செய்தவர்களுக்குத் துளை போட்ட இடத்திலும் வரக்கூடும். தொப்புளில் கட்டி வேறு காரணங்களாலும் வரலாம் என்பதால் ஸ்கான் செய்து பார்க்கவேண்டும். சிகிச்சை ஒன்றுதான், எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது.

கருப்பையை எடுத்து நாலு வருசம். மாதவிடாயே இல்லை. ஆனாலும் தழும்பு மாதத்தில ஒருக்கா நோகுது. இது மனப்பிரமையோ?

மனப்பிரமை இல்லை. இதைக் கேட்டவரிடம் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். கருப்பை போனாலும் சூலகத்தை விட்டுவைத்திருந்தால் ஓமோன் சுழற்சி மாதாமாதம் நடந்துகொண்டே இருக்கும். இரத்தம் வெளியே வராததால் உங்களுக்குத் தெரிவதில்லை, தழும்புக்குள் இருக்கும் இழையத்துக்குத் தெரியும். கருப்பை எடுத்த வெட்டிலும் இந்நோய் வரும்.

உங்களுக்குக் கோடு போட மாதவிடாய் நாள் இல்லை. நொந்த நாட்களை மட்டும் வட்டமிடுங்கள். மூன்று மாதம் குறித்து, வட்டத்துக்கும் வட்டத்துக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். 28 நாளுக்குக் கிட்டவாக ஒரே சீராக விழுந்தால் அந்தத் தாளைக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். கருப்பை எடுத்தபோது சூலகம் விடப்பட்டதா என்று டயக்னோசிஸ் கார்டில் இருக்கும். அதையும் மறக்காமல் கொண்டு போங்கள்.